விட்டுப்போன பத்து வருஷம்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு குடும்பத்தின் படங்களை வயது வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஓர் இடத்தில் கை நின்றுவிடுகிறது. தாத்தாவும் ஆச்சியும் கல்யாணம் முடிந்த கையோடு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அப்பா பத்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் குரூப் போட்டோ இருக்கிறது. அத்தையின் சடங்கு வீட்டுப் படம் இருக்கிறது. 1987இல் பிறந்த மூத்த மகள் பிளாஸ்டிக் பொம்மையோடு உட்கார்ந்திருக்கும் கலர்ப் படமும் இருக்கிறது. 2004க்கும் 2012க்கும் நடுவில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தொட்டில் படம் கிடையாது, முதல் மொட்டை கிடையாது, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எடுத்தது கிடையாது. அதற்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு ஃபோனில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

நடுவில் பிறந்த பிள்ளைகளை யாரும் படமெடுக்காமல் விட்டுவிடவில்லை. அதற்கு முன்னால் எந்தத் தலைமுறைப் பிள்ளையையும் அத்தனை படம் எடுத்ததில்லை. ஒரு மொட்டைக்கு இருபது படம் எடுத்த இடத்தில் இருநூறு எடுத்தோம். ரோல் தீர்ந்துவிடுமோ என்ற பயம் போயிருந்த காலம் அது. அந்த இருநூறும் எங்கே போயின என்று தேடுவதுதான் இப்போது என் பிழைப்பு.

பாளையங்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிலிம் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அதே ஊரில் இன்று பழைய சிடி, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் இவற்றிலிருந்து படங்களை மீட்டுக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். மகளுக்கோ மகனுக்கோ பதினெட்டு, இருபது ஆகும்போதுதான் பீரோவைத் திறந்து சிடியைத் தேடுகிறார்கள். சில வீடுகளில் அதற்குள் ஒரு சாவும் நடந்திருக்கும். அப்போது அந்தத் தேடலுக்கு வேறு வேகம் வந்துவிடுகிறது.

"அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம். இவ பொறந்தப்போ எங்கம்மா இவள மடியில வச்சிருந்த படம் ஒண்ணு உண்டு. அது மட்டும் வந்துட்டாப் போதும்" என்று ஒரு அக்கா ஒரு சிடியையும் சின்ன மெமரி கார்டு ஒன்றையும் மேசையில் வைத்தார். கூட வந்திருந்த மகள் கல்லூரியில் முதல் வருஷம். ஆச்சியின் முகம் அந்தப் பெண்ணுக்கு நினைவில் இல்லை. அவருடைய சிடிக்குப் பிறகு வருகிறேன்.

ஃபிலிம் நாளில் ஒரு ரோலில் 36 படம். கைக்காரர்கள் லோடு பண்ணும்போதே மிச்சம் பிடித்து ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளி ரோலை எண்ணித்தான் கொடுப்பார். எடுத்ததைக் கலர் லேபில் கொடுத்துக் கழுவி, மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் செருகி, நெகட்டிவைத் துண்டுகளாக வெட்டி உறையில் போட்டுக் கடைசிப் பக்கத்தில் வைத்துக் கொடுப்போம். வீட்டார் அதைப் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைப்பார்கள். அதோடு அந்தப் படத்துக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நிறம் கொஞ்சம் சிவக்கும், ஓரத்தில் பூஞ்சை ஏறும். ஆனாலும் முப்பது வருஷம் கழித்துத் திறந்தால் முகம் இருக்கும். பிரிண்ட் கிழிந்தே போனாலும் நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் யார் யார் என்று வெறும் கண்ணால் சொல்லிவிடலாம்.

இதைவிடப் பழையவையும் நிலைத்திருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ், அட்டையில் ஒட்டிய பிரிண்ட் என்று அவர்கள் தேடிய பொருள்கள் பலவும் பல காலம் யாராலும் கவனிக்கப்படாமல் கிடந்தவை. கவனிக்காமல் விட்டும் அவை பிழைத்துக் கிடந்தன. டிஜிட்டல் படத்தைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைத்தான் இந்தத் தொழிலில் தினமும் பார்க்கிறேன்.

2004இல் வெளிவந்த நிக்கான் டி70 எங்கள் ஸ்டூடியோவுக்கு மறுவருஷம் வந்து சேர்ந்தது. 61 லட்சம் புள்ளிகள். 512 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் நல்ல தரத்தில் நூற்றைம்பது படம்போலப் பிடிக்கும். அந்த நாளில் கார்டு விலை அதிகம் என்பதால் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு மூன்றுதான் இருக்கும். இன்றைக்குக் கல்யாணம் எடுத்தால் ராத்திரியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலி செய்து, விடிந்ததும் வளைகாப்புக்குக் கொண்டுபோவோம். ஊரில் எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான் நடைமுறை. வாடிக்கையாளருக்கு ஆல்பத்தோடு ஒரு சிடி. "சிடியில போட்டாச்சுல்லா, இனி நூறு வருஷத்துக்கு அழியாது" என்று முதலாளி மனதார நம்பிச் சொல்லுவார். சில சிடிகளின் உறையில் அப்படியே அச்சடித்தும் இருந்தார்கள். அந்த நம்பிக்கையில் நெகட்டிவ் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு இடத்தை ஒழித்த ஸ்டூடியோக்கள் உண்டு. ஒழித்த இடத்தில் கம்ப்யூட்டர் மேசை வந்தது.

ஃபிலிம் படத்தைப் பிரிண்ட் போட்டால்தான் முகத்தை நன்றாகப் பார்க்க முடியும். அதனால் எடுத்ததெல்லாம் காகிதத்துக்கு வந்தே தீரும். டிஜிட்டலில் கேமராவின் முதுகிலேயே பார்த்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் டிவிடி பிளேயரில் போட்டு டிவியில் தெருவே கூடிப் பார்த்தது. பார்த்தாயிற்று, பிறகு பிரிண்ட் எதற்கு என்ற எண்ணம் தானாக வந்தது. கல்யாணத்துக்கு மட்டும் கரிஷ்மா ஆல்பம் என்று கனமாக ஒன்று போட்டார்கள். மொட்டை, காதுகுத்து, பிறந்தநாள், குலதெய்வக் கோயில் கொடை எல்லாம் சிடியோடு நின்றுவிட்டன. பத்து வருஷம் விட்டுப்போனதற்கு முதல் காரணம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். சிடி கெட்டது இரண்டாவது காரணமே.

சிடி ஏன் கெட்டது என்று கேட்காதவர் இல்லை. எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழாமல் காத்தார்கள். படம் இருப்பது அங்கே அல்ல. அடியில் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதன் தலையில் சாயப்பூச்சு, அதற்கு மேல் வெள்ளிப்பூச்சு, அதற்கும் மேல் மயிரிழை வார்னிஷ், அவ்வளவுதான். எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது. படம் என்பது அந்தச் சூட்டுத் தழும்பு. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். மேல்பக்கம் கீறினால் சாயமும் வெள்ளியும் பெயர்ந்து வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் ஊசித்துளையாகத் தெரியும். அங்கே இருந்ததை யாராலும் கொண்டுவர முடியாது.

அழகுக்காகச் செய்த ஒன்றுதான் அதிகக் கேட்டைச் செய்திருக்கிறது. பிள்ளையின் படத்தை ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு சிடியின் மேல் ஒட்டிக்கொடுப்பது அப்போது எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம். வருஷங்கள் போகப் போகத் தாள் சுருங்கும். பசை வெள்ளிப்பூச்சைப் பிடித்து இழுக்கும். அக்கா கொண்டுவந்த சிடியும் அந்த வகைதான். ஸ்டிக்கரில் குழந்தையின் முகம் நன்றாக இருந்தது. ஓரத்தில் தாள் எழும்பிய இடத்தில் அடியிலிருந்த பூச்சும் சேர்ந்து எழும்பியிருந்தது. ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். உரிக்கவே கூடாது. உரித்தால் மிச்சமும் தாளோடு போய்விடும்.

ஸ்டிக்கர் இல்லாதவையும் தப்புவதில்லை. சாயத்தில் வகைகள் உண்டு. சில வகை வெயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும், சில தாங்காது. டிவிக்கு மேலே வைத்த சிடி, இரும்பு பீரோவின் மேல்தட்டில் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைத் தின்ற சிடி இரண்டிலும் சாயம் வெளிறிப்போயிருக்கும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். தங்கப்பூச்சுப் போட்ட சிடிகளும் அப்போது கிடைத்தன, அவை கறுப்பதில்லை. ஆனால் அந்த விலைக்கு மொட்டைப் படம் எழுதிக்கொடுக்க யாரால் முடியும்?

மீட்கும் வேலையில் பொறுமைதான் பெரிய கருவி. என் கடையில் பல வயதுள்ள சிடி டிரைவ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும், அதற்குக் காரணம் லென்ஸ், லேசரின் வலு, டிரைவுக்குள் இருக்கும் மென்பொருள் என்று பல. வேகத்தைக் குறைத்து வாசிக்க வைக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ டியாஸ் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளுக்கு நான் கடமைப்பட்டவன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு கணக்கு எழுதிவைக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அதே சிடியை வேறு டிரைவில் போட்டால் விட்ட இடங்களை மட்டும் நிரப்பும். இப்படி ராத்திரி முழுக்க ஓடும்.

சிடிக்குள்ளேயே ஒரு காவலும் இருக்கிறது. 1960இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் கண்டுபிடித்த பிழைதிருத்தும் முறையை சிடியில் புகுத்தியிருக்கிறார்கள். தடத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தொடர்ந்து கீறியிருந்தால்கூட, சுற்றிலும் உள்ள எண்களைக் கொண்டு விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடும். யுரேனஸ், நெப்டியூன் படங்களை வாயேஜர் 2 அனுப்பியபோது அவற்றைக் காத்ததும் இதே கணக்குதான். பாளையங்கோட்டைக் குழந்தையின் மொட்டைப் படத்துக்கும் நெப்டியூனுக்கும் ஒரே காவல் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை உண்டாகிறது.

அக்காவின் சிடியில் முக்கால்வாசி வந்தது. மடிப் படம் அதில் இல்லை. சிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு எழுதப்படுவது; கெட்டது வெளியோரம். கடைசியாக எழுதிய படங்கள் போய்விட்டன. மிச்சமிருந்தது அந்தச் சின்ன கார்டு.

கார்டில் படம் அழிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெலீட் அழுத்தினாலும், கேமராவில் ஃபார்மட் போட்டாலும், பெரும்பாலும் அட்டவணைதான் போகிறது. ரேஷன் கடைப் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவர் வீட்டைவிட்டுப் போய்விடுவதில்லை. வேறொருவர் அந்த வீட்டுக்குக் குடிவரும்வரை அங்கேயேதான் இருப்பார். ஜேபெக் படம் எதுவும் ஒரே அடையாள எண்களோடு தொடங்கி ஒரே அடையாள எண்களோடு முடியும். அட்டவணையை நம்பாமல் கார்டை முதலிலிருந்து கடைசிவரை அந்த எண்களைத் தேடிக்கொண்டே போகும் மென்பொருள் ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, அதுவும் இலவசம்.

ஒரே கார்டை ஆண்டுக்கணக்கில் அழித்து அழித்து எழுதியிருந்தால் பல நாள்கள் ஒன்றின் அடியில் ஒன்றாக வரும். ஸ்டூடியோ கார்டு ஒன்றில் கேட்டது ஒரு வளைகாப்பு. அதன் அடியிலிருந்து வேறொரு வீட்டுக் கல்யாணத்தின் தாலிகட்டு எழுந்து வந்தது. மற்றவர் வீட்டுப் படத்தைக் கேட்டவரிடம் கொடுக்கக்கூடாது என்பது என் கடையில் சட்டம். மண்டபத்தின் பெயரை வைத்து விசாரித்து அந்தக் கல்யாண வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா நடமாடும் ஒரே படத் தொகுதி அதுதானாம்.

வருகிற படமெல்லாம் முழுதாக வருவதில்லை. நடுவில் சில படங்களை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்திருந்தால், புதிய படம் இரண்டு மூன்று இடங்களில் துண்டாக உட்கார்ந்திருக்கும். மேல்பாதியில் மணமகளும் கீழ்பாதியில் வேறொரு நாளின் வாழைமரமுமாக வரும். ஜேபெக்கில் ஒவ்வொரு சதுரத்தின் நிறமும் முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு மாறியது என்ற வித்தியாசமாகத்தான் எழுதப்படுகிறது. ஓர் எண் கெட்டால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே தடம் புரண்டுவிடும். அரக்குச் சேலை பச்சையாகும், அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல். கூறைப்பட்டின் நிறம் எது என்று வீட்டாரிடம் கேட்டு, கெட்ட எண்ணைக் கையால் திருத்தி, நிறத்தை மீட்ட படங்கள் உண்டு. ஒரு படத்துக்கு ஒரு சாயங்காலம் போகும். போகட்டும்.

அக்காவின் கார்டில் மடிப் படத்தின் தலைப்பகுதி மட்டும் பிழைத்திருந்தது. உடல்பகுதியின்மேல் வேறு படம் குடியேறிவிட்டது. ஆனால் கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் தலையிலும் அதே படத்தைச் சின்னஞ்சிறிதாக ஒரு பிரதி எடுத்து ஒளித்துவைக்கின்றன. அகலம் 160 புள்ளி, உயரம் 120 புள்ளி. கேமராவின் முதுகில் படங்களை வேகமாகத் தள்ளிப் பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தக் குட்டிப் பிரதி முழுதாக இருந்தது. நல்ல தெளிவோடு அச்சிட வேண்டுமானால் விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் போடலாம். ஆச்சியின் வெள்ளைச் சேலை, மூக்குத்தியின் இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, துணிச்சுருளுக்குள் குழந்தையின் நெற்றி.

"இத ஏஐல போட்டுப் பெருசாக்கிரலாமே, அங்கிள்" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. போட்டால் கண் இமை வரும், கன்னச் சுருக்கம் வரும், பல்கூடத் தெரியும். ஆனால் அவையெல்லாம் வேறு ஆயிரம் முகங்களைப் படித்த இயந்திரம் ஊகித்து வரைந்தவை. ஆச்சியின் முகம் நினைவில் இல்லாத பிள்ளைக்கு அந்த ஊகமே ஆச்சியாகிவிடும். அதை என்னால் செய்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட் அளவுக்குமேல் போகாமல், புள்ளிகள் தெரியட்டும் என்று அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா சேலய இப்பிடித்தான் இழுத்துச் சொருகியிருப்பா" என்றார். அது அந்தப் படத்தில் உண்மையிலேயே இருந்தது.

கார்டுகளுக்கும் ஆயுள் உண்டு. தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகத்தில், படம் என்பது நுண்ணிய அறைகளில் அடைத்துவைத்த மின்னணுக்கள். அறையின் சுவர் வழியாக அவை கசியும். சூட்டில் வேகமாகக் கசியும். பலமுறை அழித்து எழுதிய கார்டில் சுவரே தேய்ந்திருக்கும். மேசை அறையில் போட்டு மறந்துபோன கார்டு சும்மா இருக்கும்போதே படங்களை இழந்துகொண்டிருக்கிறது.

இழப்பு எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்றில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆல்பங்களும் ஹார்ட் டிஸ்குகளும் சேறு படிந்து வந்தன. அப்போது நான் கண்டது இன்றும் என்னை யோசிக்க வைக்கிறது. லேபில் போட்ட பழைய பிரிண்டுகளைச் சேறு காயும் முன்னால் குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து நிழலில் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்தன. வெயிலில் அடுக்கோடு காயவைத்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டன. சிடிகளைக் கழுவித் துடைத்தால் போதும். மெமரி கார்டும் பெரும்பாலும் அப்படியே, உலர்ந்தால் வாசிக்கிறது. ஹார்ட் டிஸ்க்தான் பாவம். காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தவர்களின் டிஸ்கில் வாசிக்கும் முனை சேற்றோடு தட்டை உரசிக் கீறிவிட்டது. கரண்டே கொடுக்காமல் கொண்டுவந்தவர்களின் டிஸ்கை தூசியில்லா அறை வைத்திருக்கும் பெருநகர நிலையங்களுக்கு அனுப்பிவைத்தேன். சில திரும்பி வந்தன.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைக் கழுவி உரியவர்களிடம் சேர்க்க உதவியது. எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டு முயற்சி நடக்கவில்லை. அடுத்த வெள்ளத்துக்காவது ஊருக்கு ஒரு மண்டபத்தில் நான்கு தொட்டியும் கொடிக்கயிறும் போட்டு உட்கார ஆள்கள் வேண்டும். நான் வருவேன்.

படம் நன்றாகவே இருந்தும் பார்க்க முடியாத கொடுமை ஒன்று உண்டு. 1975இல் கோடாக்கில் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டிய ஸ்டீவன் சாசன், படத்தைப் பதிய ஒலிநாடா கேசட்டை வைத்திருந்தார். ஒரு படம் பதிவாக 23 விநாடி. அதைப் பார்க்க அதற்கென்றே செய்த பெட்டியும் டிவியும் வேண்டும். டிஜிட்டல் படத்துக்கு அன்று தொடங்கிய கதிதான் இன்றும். ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் என்று வந்துபோன கார்டுகளை என்னிடம் நீட்டுகிறார்கள். கார்டு உயிரோடு இருக்கும். வாசிக்கும் ரீடர் கடைகளில் இருக்காது. இதற்காகவே சென்னைக்கு ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறேன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் பழைய பெட்டிகளைக் கிளறினால் இன்னும் கிடைக்கிறது. கடைக்காரர்கள் கழித்துப்போட வைத்திருப்பதை நான் கேட்டு வாங்கி வருகிறேன்.

இதில் எனக்குத் தைரியம் கொடுத்த கதை நிலவைப் பற்றியது. 1966, 67இல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைச் சுற்றி எடுத்த படங்கள் காந்த நாடாக்களில் இருந்தன. அவற்றைத் தூக்கிப் போடவிடாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர். வாசிக்க வேண்டிய ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 இயந்திரங்களோ உலகில் அருகிவிட்டன. கிடைத்த சிலவற்றைத் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் குழுவினர் கலிஃபோர்னியாவில் நாசா வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் அந்த இயந்திரங்களைப் பழுதுபார்த்து, நிலவின் விளிம்புக்கு அப்பால் பூமி தெரியும் 1966ஆம் ஆண்டுப் படத்தை 2008இல் மீட்டார்கள். அந்தக் காலத்தில் வெளியிட்ட படத்தைவிட அது துல்லியமாக வந்தது. நாடாவைக் காத்தது பாதி வேலை. இயந்திரத்தைக் காத்ததுதான் மீதி. எவன்ஸ் இல்லாவிட்டால் நாடா வெறும் நாடா.

இன்றைய ஃபோன் படங்களுக்கு இப்படி ஒரு பின்கதவு இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பையன் ஃபோனிலிருந்து படங்களை அழித்துவிட்டுக் கலங்கிப்போய் வந்தான். 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியையும் காலி செய்திருந்தான். புது ஃபோன்களில் படங்கள் பூட்டுப் போட்ட எழுத்தில்தான் பதிகின்றன. அழித்தால் சாவியும் சேர்ந்து போகிறது. புது லேப்டாப்புகளின் எஸ்எஸ்டியும் அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும். திருடன் கையில் ஃபோன் சிக்கினால் அது நமக்குப் பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் 2006இல் எடுத்த ஒரு படத்தை அழித்த கார்டிலிருந்து எடுத்துக் கொடுக்க முடிகிற எனக்கு, போன வாரம் அழித்த படத்தை எடுத்துக் கொடுக்க வழியில்லை.

"அதான் எல்லாம் கிளவுட்ல இருக்கே அண்ணாச்சி" என்கிறார்கள். ஆர்குட்டில் படம் ஏற்றியவர்களை நான் அறிவேன். 2014 செப்டம்பர் 30இல் அது மூடப்பட்டது. படங்களை எடுத்துக்கொள்ள 2016 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த அறிவிப்பு வந்த மின்னஞ்சலை வெகுகாலமாகத் திறக்காத பெற்றோர்கள் அதைப் பார்க்கவே இல்லை. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் எல்லையில்லா இலவச இடத்தை நிறுத்திக்கொண்டது. கிளவுட் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். கடவுச்சொல் தெரிந்தவர் இறந்துபோன வீட்டுக்கு அது பூட்டிய வீடு. அந்தச் சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி நிலப் பத்திரத்தோடு வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மீட்ட படங்களை இப்போது இரண்டு வேறு பொருள்களில் எழுதிக் கொடுக்கிறேன். ஒன்றை அவர்கள் வீட்டிலும் ஒன்றை வேறு ஊரிலிருக்கும் சொந்தக்காரர் வீட்டிலும் வைக்கச் சொல்கிறேன். உறையின் மேல் எழுதிய வருஷமும் திரும்ப நகலெடுக்க வேண்டிய வருஷமும் போட்டிருக்கும். கூடவே, எத்தனை நூறு படம் வந்தாலும் அவற்றிலிருந்து முப்பது நாற்பதையாவது பிரிண்ட் போட வைத்துத்தான் அனுப்புகிறேன். லேபில் டிஜிட்டல் படத்துக்குப் போடும் பிரிண்டும் பெரும்பாலும் அந்தக் காலத்து வெள்ளி உப்புத் தாள்தான், லேசரால் வெளிச்சம் காட்டிக் கழுவுகிறார்கள். எதைப் பிரிண்ட் போடுவது என்று தேர்ந்தெடுக்க வீட்டார் என் கடையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும் என்று டீ வாங்கிக் கொடுப்பேன்.

இந்த ஒன்றிரண்டு வருஷமாகப் பெற்றோர்களோடு, அந்த விட்டுப்போன வருஷங்களில் பிறந்த பிள்ளைகளும் தனியாக வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவன் இறந்துபோன தன் அப்பாவின் ஹார்ட் டிஸ்கோடு வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான். நான் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்க, எங்க தெருவுலயே நெறைய வீட்டுல இப்பிடிக் கெடக்கு" என்றான். டிடிரெஸ்க்யூ ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். டிஸ்கில் டக்டக் சத்தம் வந்தால் உடனே கரண்டை எடுத்துவிட வேண்டும் என்பதை முதல் பாடமாகச் சொன்னேன். சித்தி வீட்டு சிடிகளை அவனே முடித்துவிட்டான். அடுத்து பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க் வருகிறது. பழைய 40 முள் ஐடிஇ. அதற்கு வேண்டிய கன்வெர்ட்டரை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். இனி அது அவனிடமே இருக்கட்டும்.